பெட்டி எனக்கு

"உனக்குப் பேச வருமா, வராதாம்மா?" என்று மெரிவெதர் கல்லூரியின் தலைவர் டாக்டர் மோல்ட்ரி ஒருமுறை என்னைக் கேட்டார்.

"அதெல்லாம் நல்லா வரும் சார்," என்றார் அப்பா.

"நான் அவளைக் கேட்டேன், பிரதர் டிஸ்டேல்."

"அவளுக்காகத்தான் சார் சொல்றேன். நல்லாப் பேசுவா. இப்போ பசி. பசி வந்தா வாய் திறக்கமாட்டா. சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். அவ அம்மா வகையில எல்லாருமே அப்படி. அவ மாமா ஒருத்தர் இருந்தார்..."

எனக்குப் பசியே இல்லை. கோழி வறுத்தது நான், கிழங்கு வேகவைத்தது நான், ருசி பார்த்துப் பார்த்தே வயிறு நிறைந்திருந்தது. அப்பா அந்த மாமாவின் கதையை முடிப்பதற்குள் டாக்டர் மோல்ட்ரி இரண்டாவது தட்டும் சாப்பிட்டுவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது என்னால் முடியும்.

அப்பா முடிதிருத்துகிறவர். பெயர் லெமுவேல் டிஸ்டேல், ஊருக்கு லெம். எங்கள் ஊரான ஹார்டி க்ராஸிங்கில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரே சலூன் எங்களுடையது. கத்திரி நின்றாலும் அப்பாவின் வாய் நிற்காது. "லெம்கிட்ட தலையைக் குடுத்தா காதையும் சேர்த்துக் குடுத்த மாதிரி," என்பார் எங்கள் ஆலயத்து மூப்பர் காட்ஸ்டன். வீட்டுக்கென்று வந்த வார்த்தைகளை எல்லாம் அப்பாவே வாங்கிக்கொண்டுவிட்டார், எனக்குப் பங்கு வரவில்லை என்று அம்மா சொல்வாள்.

எங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருந்தது. அங்கே பத்தாம் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் மேடையேறி ஒப்பிக்க வேண்டும். என் முறை வந்த அன்று வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. பிள்ளைகள் சிரித்தார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆசிரியை அழுதுவிட்டார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை.

"கடையில ஆள் தேவைப்பட்டுது, நான்தான் நிறுத்திட்டேன்," என்று அப்பா ஊர் முழுவதும் சொன்னார். அது பொய். எனக்காகச் சொன்ன பொய். அதற்காக அவரைத் திட்டியவர்களிடமும் சிரித்துக்கொண்டே அதையே சொன்னார்.

அதிலிருந்து கடையில் முடி கூட்டுகிறேன், துண்டு துவைக்கிறேன், வாடிக்கையாளர்கள் விட்டுப்போகும் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிக்கிறேன். கேட்டதையும் பார்த்ததையும் எழுதுகிறேன். எதில் எழுதுகிறேன், அதை எங்கே வைக்கிறேன் என்பதை இங்கேகூடச் சொல்லமாட்டேன்.

மெரிவெதர் எங்கள் சபைகள் சேர்ந்து கட்டிய கல்லூரி. வேறு யாரும் கட்டித்தரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு தாங்களே கட்டிக்கொண்டார்கள். முதல் கட்டடத்துக்கு மண் குழைத்து செங்கல் சுட்டவர்களில் எங்கள் கீலேயாத் ஆலயத்தாரும் உண்டு. அதனால் கீலேயாத்தில் யாரும் 'மெரிவெதர்' என்று மட்டும் சொல்லமாட்டார்கள், 'நம்ம மெரிவெதர்' என்றுதான் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கள்தான் அதைச் சத்தமாகச் சொல்வார்கள்.

வசந்த காலத்தில் கல்லூரியின் பாடகர் குழு எங்கள் ஆலயத்துக்குப் பாட வரும். வீட்டுக்கு இரண்டு பேராகத் தங்க வைப்போம். அந்த வருடம் டாக்டர் மோல்ட்ரி எங்கள் வீட்டில் சாப்பிட்டார். ரோசெட்டா என்ற பாடகிப் பெண் என் கட்டிலில் படுத்தாள், நான் கீழே படுத்தேன். தூக்கம் வரும்வரை அவள் தங்கள் நூலகத்தைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு மேசைக்கும் பச்சைக் கண்ணாடி போட்ட விளக்கு உண்டாம். ஏணி வைத்துத்தான் மேல் அடுக்குப் புத்தகங்களை எடுக்க வேண்டுமாம்.

"அங்க பேசினா வெளியே அனுப்பிடுவாங்க," என்றாள்.

பேசினால் வெளியே அனுப்பும் ஓர் இடம்! எனக்குத் தூக்கமே போய்விட்டது.

மறுநாள் புறப்படும்போது டாக்டர் மோல்ட்ரி அப்பாவிடம் சொன்னார், ஆனால் எனக்குத்தான் சொன்னார். "பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவங்களுக்கு எங்ககிட்ட ஒரு வருஷ ஆயத்த வகுப்பு இருக்கு. நான் சான்றிதழ் எதுவும் கேக்கமாட்டேன். கீலேயாத் பெட்டியோட வந்தா போதும்."

அப்பா, "ரொம்ப நல்ல விஷயம் சார்!" என்று சொல்லிவிட்டு, எந்தெந்த வீட்டில் யார் யார் பாதியில் நின்றார்கள் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வரிசையில் நான் இல்லை. நான் கடைக்குத் தேவைப்பட்டவள் அல்லவா.

எனக்கு அந்தப் பெட்டி வேண்டும் என்று அன்றே முடிவாகிவிட்டது. அதைக் கேட்பதுதான் பிரச்சினை.

அது கறுப்பு டிரங்குப் பெட்டி. மூலைகளில் பித்தளை அடித்தது, ஓர் ஆள் சுருண்டு படுக்கலாம், அவ்வளவு பெரியது. ஆகஸ்டு மாத ஞாயிறுகளில் அது பலிபீடத்துக்கு முன்னால் மூடி திறந்து நிற்கும். அந்த வருடம் மெரிவெதருக்குப் போகிறவர் சபை நடுவில் நின்று தன் பெயரைச் சொல்லி, "பெட்டி எனக்கு," என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் சபையே எழுந்து வந்து பெட்டியை நிரப்பும். படுக்கை விரிப்பு, துண்டு, அத்திப்பழ ஜாம், கோட்டு, அகராதி எல்லாம் வரும். நம் வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வராத எதையும் உள்ளே போடக்கூடாது. கையளவு இடம் மிச்சமிருந்தாலும் மூடமாட்டார்கள். யாராவது வீட்டுக்கு ஓடிப்போய் எதையாவது கொண்டுவருவார்கள்.

கேட்பது மட்டும் சொந்த வாயால் கேட்க வேண்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா காலத்தில் ஒரு தகப்பன் தன் மகனுக்காகத் தானே எழுந்து கேட்டாராம். மகன் வாயே திறக்கவில்லை. எல்லாரும் பெட்டியை நிரப்பி, பாட்டுப் பாடி, ரயிலேற்றினார்கள். அடுத்த நிறுத்தத்தில் மகன் இறங்கி ஒரு சர்க்கஸ் கூட்டத்தோடு போய்விட்டான். பெட்டி தனியாக மெரிவெதர் போய்ச் சேர்ந்தது. கல்லூரியிலிருந்து, 'பெட்டி நலம், மாணவர் எங்கே?' என்று தந்தி வந்தது. அதிலிருந்து கீலேயாத்தில் ஒருவருக்காக இன்னொருவர் பெட்டி கேட்க முடியாது.

ஆக, என் வீட்டில் ஊருக்கே போதுமான வாய் ஒன்று இருந்தும் எனக்குப் பயன் இல்லை.

ஜூலையில் ஊரே கலங்கிப்போகும் ஒரு செய்தி வந்தது. அந்த வருடம் போவான் என்று எல்லாரும் நினைத்திருந்த மூப்பர் காட்ஸ்டனின் மகனுக்கு டெட்ராய்டில் கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. வேறு ஆள் இல்லை. பெட்டி போகாத வருடம் என்று ஒன்று இதுவரை இருந்ததில்லை. போர்க்காலத்தில்கூடப் போனது.

மூப்பர் காட்ஸ்டன் சவ அடக்கக் கடை வைத்திருப்பவர். ஆலயத்தில் நாங்கள் வீசிக்கொள்ளும் அட்டை விசிறி எல்லாவற்றிலும் அவர் கடைப் பெயர்தான் இருக்கும். அவர் நாற்காலியில் சாய்ந்து முகத்தில் நுரையோடு இருந்தபோது, சிஸ்டர் பிராட்னாக்ஸ் சலூனுக்குள் நுழைந்தார். எங்கள் சபையின் தாய்மார் குழுத் தலைவி அவர். பெண்கள் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைப்பது வழக்கமில்லை. செக்கர்ஸ் பலகையில் காய் நகர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. நான் முடி வெட்டிக்க வரல," என்றார் சிஸ்டர் பிராட்னாக்ஸ். "எல்மோர், உன் மகன் என் தலையில கல்லைப் போட்டுட்டான்."

"என் தலையிலயும்தான் சிஸ்டர்," என்றார் மூப்பர் நுரைக்குள்ளிருந்து.

"லெம்மையே அனுப்பலாமே," என்றார் ஒருவர்.

"அனுப்பலாம்தான். ஒரே வாரத்துல வாத்தியாருங்க எல்லாம் இங்க வந்து நிப்பாங்க, எங்களைக் காப்பாத்துங்கன்னு," என்றார் மூப்பர்.

கடையே சிரித்தது. அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சிஸ்டர் பிராட்னாக்ஸ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தைப் பார்த்தேன்.

"லெம், உன் பொண்ணு?"

"வெர்லீனா? அவளுக்கு இங்க என்ன குறைச்சல் சிஸ்டர்? அவ இல்லாம இந்தக் கடை ஒரு நாள் ஓடாது. இவ மடிச்ச துண்டைப் பாருங்க, இஸ்திரி போட்ட மாதிரி..."

"உன் வாயால எது வந்தாலும் என் காதுல ஏறாது. பெட்டிச் சட்டம் உனக்கும்தான்." மறுபடி என்னைப் பார்த்தார். "ஆகஸ்டு முழுக்கப் பெட்டி திறந்திருக்கும், கண்ணு."

அவர் போன பிறகும் நான் அதே இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். முடி எப்போதோ போய்விட்டது.

ஆகஸ்டு முதல் ஞாயிறு. பாஸ்டர் வின்ஃபீல்ட் பெட்டியின் அருகில் நின்று, "போகிறவர் யார்?" என்று கேட்டார். எனக்குக் கால் எழும்பவில்லை. கையைத் தூக்கினாலாவது கூப்பிட்டுக் கேட்பார்கள், பிறகு எப்படியாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முழுக் கையையும் தூக்கத் தைரியம் வரவில்லை. ஒரே ஒரு விரல்தான் எழுந்தது.

ஆராதனை நடுவே யாருக்காவது வெளியே போக வேண்டியிருந்தால், ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, நடந்து போய்விடுவார்கள். மன்னிக்கவும், போகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். யாரும் எதற்கென்று கேட்கமாட்டார்கள். எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள். எனக்கு மட்டும் அந்த நிமிடத்தில் அது மறந்துவிட்டது.

என் வரிசையில் இருந்த எல்லாரும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் கைக்குட்டையை என் கையில் திணித்தார். "சீக்கிரம் போ கண்ணு, பின்பக்கம் யாருமில்ல," என்றார். பாஸ்டர்கூட நான் போவதற்காகப் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். இதற்குமேல் உட்கார்ந்திருக்க எப்படி முடியும்? விரலை இறக்காமல் அத்தனை முழங்கால்களையும் தாண்டி வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். உள்ளே பாஸ்டர், "அடுத்த ஞாயிறு பார்ப்போம்," என்று சொல்வது கேட்டது.

அப்பா ஓடிவந்தார். "வயிறா? நேத்து அந்தத் தர்பூசணியை நான் அப்பவே வேண்டாம்னு நெனச்சேன். வாயில சொல்லல, அது என் தப்பு. ஆனா நெனச்சேன்." அந்த வாரம் முழுக்க எனக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார். முடி வெட்ட வந்தவர்களிடமெல்லாம் என் வயிற்றின் நிலவரத்தைச் சொன்னார். நன்றாக இருந்த வயிறு அதற்குப் பிறகுதான் கெட்டது.

இரண்டாவது ஞாயிறு எனக்கு வாசலில் இடம்காட்டும் ஊழியம். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால். எங்கள் ஊழியத்தில் பேச்சே கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். நான் அதில் சேர்ந்ததே அதற்காகத்தான். அன்றைக்கு அது எனக்கு நல்ல சாக்கு ஆகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு மழை பெய்தது. மழைக்கும் பெட்டி கேட்பதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் நான் கேட்கவில்லை.

அன்று மாலை அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"பெட்டியா?"

நான் தலையாட்டினேன்.

"அந்த ஒத்தை விரல் அதுக்குத்தானா?"

தலையாட்டினேன். அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், பட்டாணிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஐயோ என் தங்கமே! ஒரு வாரம் விளக்கெண்ணெய் குடிச்சியேடி!" எனக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் நெடுநேரம் சிரித்தோம்.

பிறகு அவள் சொன்னாள். "உங்கப்பாகிட்ட சொல்லமாட்டேன். சொன்னா அவரே எழுந்து கேட்டுடுவார், எல்லாம் கெட்டுடும். நானும் உனக்காகக் கேக்க முடியாது. ஒண்ணு மட்டும் செய்றேன். அவர் கோட்டைப் புடிச்சுக்கறேன்."

"அம்மா, சத்தம் வரலன்னா?"

"வர்றவரைக்கும் நில்லு. அது பள்ளிக்கூடம் இல்ல, கீலேயாத்து. அங்க நீ ஞானஸ்நானத் தண்ணில கத்தின கத்தலை எல்லாரும் கேட்டிருக்காங்க. உனக்குச் சத்தம் உண்டுன்னு அவங்களுக்குத் தெரியும்."

கடைசி ஞாயிறு. எனக்கு மறுபடி ஊழியம், நான் நடுவழியின் கோடியில் கதவருகே நின்றேன். ஆலயம் நிறைந்திருந்தது. பெட்டிக்கு யாருமில்லை என்ற பேச்சு பரவியிருந்ததால், ஈஸ்டருக்கு மட்டும் வருகிறவர்களும் வந்திருந்தார்கள். காட்ஸ்டன் கடை விசிறிகள் ஓயாமல் ஆடின.

"போகிறவர் யார்?" என்று பாஸ்டர் கேட்டார். காத்திருந்தார். மறுபடி கேட்டார். மூப்பர் காட்ஸ்டன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் சிஸ்டர் பிராட்னாக்ஸின் தொப்பி மெல்லக் குனிந்தது. அவர் படுக்கை விரிப்பு இரண்டை மடித்து மடியில் வைத்திருந்தார். கொடுக்க ஆள் இல்லாமலே கொண்டுவந்திருந்தார்.

பாஸ்டர் பெட்டியின் மூடியில் கை வைத்தார்.

நான் நடந்தேன். ஊழியக்காரி நடுவழியில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். யாருக்கோ மயக்கம், யாருக்கோ தண்ணீர் என்று நினைப்பார்கள். பெட்டிக்கு முன்னால் போய் நின்று, திரும்பி, சபையைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்தேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"பாஸ்டர், அவளுக்கு இன்னும் வயிறு சரியா..." என்று அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் இரண்டு கைகளும் அவர் கோட்டின் பின்பக்கத்தில் இருந்தன.

"லெம் டிஸ்டேல்!" என்றார் சிஸ்டர் பிராட்னாக்ஸ், திரும்பிப் பார்க்காமலே. "வாயை மூடு!"

நான் நின்றேன். அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு கிழவர், தடுமாறும் பிரசங்கியாரிடம் சொல்வதுபோல, தாழ்ந்த குரலில் சொன்னார்: "நிதானமா, கண்ணு."

"ஆமா, நிதானமா," என்றது இன்னொரு குரல்.

"அவசரமே இல்ல."

"அவளுக்கு உதவி செய்யும், ஆண்டவரே."

"நாங்க எங்கயும் போகல!"

"எனக்கு அடுப்புல கோழி இருக்கு, கருகினாக் கருகட்டும்!" என்றார் ஓர் அம்மாள். சிரிப்பு அலையாக எழுந்து அடங்கியது. பியானோக்காரர் யாரும் சொல்லாமலே மெல்ல வாசிக்கத் தொடங்கினார். விசிறிகள் அந்தத் தாளத்துக்கு ஆடின. பள்ளியில் நான் மேடையில் நின்றபோது, எல்லாரும் நான் விழுவதற்காகக் காத்திருந்தார்கள். இங்கே யாரும் காத்திருக்கவில்லை. எனக்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

"வெர்லீன்," என்றேன்.

"அப்படிச் சொல்லு!"

"வெர்லீன் டிஸ்டேல்."

"தெரியும்மா! மேல சொல்லு!"

"பெட்டி எனக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. சிஸ்டர் பிராட்னாக்ஸ் தொப்பி கழன்றது தெரியாமல் விரிப்புகளோடு என்மேல் விழுந்தார். மூப்பர் காட்ஸ்டன் தன் மகனுக்கென்று வாங்கியிருந்த புதுக் கடிகாரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அவரும் அதைக் கொண்டுவந்திருந்தார்! ஒவ்வொருவராக எழுந்தபோதுதான் தெரிந்தது, பெட்டி காலியாகப் போகும் என்று மூன்று வாரமாகப் புலம்பிய அத்தனை பேரும் எதையாவது கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அடுப்பில் கோழி வைத்த அம்மாள், கொண்டுவந்தது போதாதென்று கழுத்துத் துணியையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அப்பாவின் கோட்டை அம்மா விட்டுவிட்டாள்.

"என் பொண்ணு!" என்று அப்பா வரிசை வரிசையாகப் போனார். "கேட்டீங்களா? காதுல விழுந்துதா? உங்களுக்குப் பின்னாடி கேட்டுதா? கணீர்னு சொன்னா பாருங்க! எனக்கு அப்பவே தெரியும். தர்பூசணியாம் தர்பூசணி!"

அதற்குப் பிறகு கடைக்கு வந்த ஒவ்வொரு தலையும் அந்தக் கதையைக் கேட்டது. ஒவ்வொரு முறையும் என் குரல் இன்னும் கொஞ்சம் கணீரென்று ஆனது. ஒருவர், "லெம், இந்தக் கதையை எனக்குப் போன தடவையே சொல்லிட்ட," என்றார். "அது போன தடவை முடிக்கு," என்றார் அப்பா. ஆனால் கூட்டம் இல்லாத நேரத்தில், நான் மடித்து வைத்த துண்டுகளை எடுத்து, பிரித்து, தானே மறுபடி மடித்துப் பழகிக்கொண்டிருந்தார். அவர் மடித்தது கோணலாக வந்தது.

எங்கள் காரில் பெட்டி நுழையவில்லை. மூப்பர் காட்ஸ்டன் தன் சவ ஊர்தியைக் கொடுத்தார்.

"இதுலயா?" என்றாள் அம்மா.

"இதைவிட நல்ல வண்டி இந்த மாவட்டத்துலயே கிடையாது சிஸ்டர். முன்விளக்கைப் போட்டுக்கிட்டு, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டு ஓட்டு, லெம். வழியில ஒருத்தன் நிறுத்தமாட்டான்."

அம்மாவுக்கு வேலைசெய்யும் வீட்டில் அன்று விருந்து, விடுமுறை தரவில்லை. விடியும்போதே என் தலையைச் சீவிவிட்டு, கோழியும் ரொட்டியும் கட்டித் தந்து, என் கன்னத்தைத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். "உங்கப்பா மூச்சு விடுற நேரத்துல நீயும் ரெண்டு வார்த்தை பேசிக்க," என்றாள்.

நாங்கள் போன வழியில் எங்கள் நிறத்தவர் நிற்கக்கூடாத ஊர்கள் உண்டு. அவை எவை என்று அப்பாவுக்கு மனப்பாடம். ஆனால் அன்றைக்கு எதிரே வந்த லாரிகள் ஓரம் கட்டி நின்றன. வயலில் வேலை செய்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஓர் ஊரில் போலீஸ்காரர் ஒருவர் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு, தொப்பியை நெஞ்சில் வைத்து, எங்களை முதலில் போகவிட்டார். பின்னால் இருந்தது அத்திப்பழ ஜாமும் படுக்கை விரிப்பும். அப்பா முகத்தைத் தொங்கப்போட்டபடியே உதட்டை அசைக்காமல், "சிரிக்காதே, சிரிக்காதே, நாம துக்கத்துல இருக்கோம்," என்றார். ஊர் தாண்டியதும் வண்டியை நிறுத்தி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மற்ற நேரமெல்லாம் அவர் பேசினார். ஒவ்வொரு பாலத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது.

மெரிவெதரின் வாசலில் சவ ஊர்தியைக் கண்டு சில மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். நாங்கள் பெட்டியை இறக்கியதும், "கீலேயாத் பெட்டி! கீலேயாத் பெட்டி வந்துடுச்சு!" என்று ஓடிவந்தார்கள். அப்பா பழைய கட்டடத்தின் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது நம்ம செங்கல்." பக்கத்தில் தன் மகளை விட வந்திருந்த ஒரு பெரியவர், "மன்னிக்கணும் பிரதர், அது எங்க சபைச் செங்கல்," என்றார். இருவரும் கட்டடத்தைச் சுற்றிவந்து, கடைசியில் சுவரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

படியில் டாக்டர் மோல்ட்ரி நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இப்போ பேச வருமா?" என்றார்.

அப்பாவின் வாய் திறந்தது. நான் பார்த்தேன். அது மூடிக்கொண்டது. அவர் தன் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"கொஞ்சம் வரும் சார்," என்றேன் நான்.

புதிய மாணவர்களுக்கான வரவேற்பு ஆராதனை கல்லூரி ஆலயத்தில் நடந்தது. எங்களை முன்வரிசைகளில் உட்கார வைத்தார்கள், கொண்டுவந்து விட்டவர்கள் பின்னால். பாட்டு முடிந்து டாக்டர் மோல்ட்ரி பேசத் தொடங்கினார். சவ ஊர்தி இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும், அந்தச் சாலையில் இருட்டில் போவது எங்களுக்கு நல்லதல்ல. அப்பா எனக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போவார், அதுவும் நீளமாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி நான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். என்னையே பார்த்தார். பிறகு ஒற்றை விரலை உயர்த்தினார். வரிசையில் எல்லாரும் முழங்காலை ஒதுக்கினார்கள். கறுப்புக் கோட்டில், கொஞ்சம் குனிந்து, விரலை இறக்காமல், அவர் கதவைத் திறந்து வெளியே போனார்.